எண் 2, எண் 10: வேலையிழந்த நூற்பாலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உதவித்தொகை ஏன் கைக்கு எட்டுவதில்லை?

இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு நிறுவனமும் மாதந்தோறும் தன் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கைப் பதிவேற்ற வேண்டும். ஒரு தொழிலாளிக்கு அந்த மாதம் சம்பளம் ஏதுமில்லை என்றால், அது ஏன் என்பதற்கு ஓர் எண்ணை இட வேண்டும். விடுப்பு என்றால் 1. வேலையை விட்டுச் சென்றுவிட்டார் என்றால் 2. ஓய்வு பெற்றார் என்றால் 3. வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு என்றால் 9. ஆட்குறைப்பு என்றால் 10. வேலை இல்லை என்றால் 11. ஆலையின் டைம் ஆபீசில் அமர்ந்திருக்கும் எழுத்தர் ஒரு விரல் அசைவில் முடித்துவிடும் வேலை இது. தொழிலாளி அதைப் பார்ப்பதில்லை. அவரிடம் கையொப்பம் கேட்கப்படுவதுமில்லை. வேலையிழந்தோருக்கு இந்த நாட்டில் இருக்கும் ஒரே பரவலான வருமானக் காப்பீடு யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இதைப் பேச வேண்டிய தேவை இருக்கிறது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ஆலையிலிருந்து கணக்கிட்டால், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நூற்பாலைத் தொழில் ஏறத்தாழ 90 ஆண்டுகளாக நடக்கிறது. சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. இந்த ஆலைகளுக்கும் கொட்டகைகளுக்கும் மூன்று ஷிப்டிலும் ஆள் அனுப்பும் ஊர்களில் நம் சேரிகளும் காலனிகளும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2022 மே மாதத்தில் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நூற்பாலைகள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. ஒவ்வொரு முறையும் ஆள் குறைந்தது. ஆயினும் 'ஆட்குறைப்பு' என்று எழுதிய கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் தொழிலாளியை நாம் காண்பது அரிது. 'நாளை வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம்' என்பதே வழக்கமான கடிதம்.

இரண்டு திட்டங்கள், ஒரு சொல்

இ.எஸ்.ஐ.யின் தொடக்கத்தில் அண்ணல் அம்பேத்கரின் பங்கு உண்டு. 1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில்தான், 1943 மார்ச்சில் பேராசிரியர் பி.பி. அடார்கரிடம் தொழிலாளர் நலக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1944 ஆகஸ்டில் அவர் அறிக்கை தந்தார். அந்த வித்திலிருந்து 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் 1955 ஜனவரியில் கோயம்புத்தூரில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நோய், மகப்பேறு, வேலையின்போது ஏற்படும் ஊனம், இறந்தவரின் குடும்பத்துக்கு உதவி, மருத்துவம், ஈமச்செலவு ஆகியவற்றைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு உரிமைகளாகப் பட்டியலிட்டது. வேலையிழப்பு அந்தப் பட்டியலில் இல்லை. இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பின்னாளில் வந்த வேலையிழப்பு உதவிகள் இரண்டும் கழகம் அறிவித்து, நீட்டித்து, நிபந்தனை மாற்றும் 'திட்டங்களாகவே' இருப்பதற்கு இதுவே காரணம்.

முதல் திட்டம் 2005 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடப்பட்டதாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனால், அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத விபத்தில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டு வேலை போனால் இது பொருந்தும். தொடக்கத்தில் 6 மாதங்களே தரப்பட்ட உதவி இன்று 24 மாதங்கள் வரை நீள்கிறது: முதல் 12 மாதங்களுக்குச் சம்பளத்தில் 50 விழுக்காடு, அடுத்த 12 மாதங்களுக்கு 25 விழுக்காடு. குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் தொடரும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் பங்களிப்பு செலுத்தியிருக்க வேண்டும்.

இரண்டாவது 2018 ஜூலை 1 முதல் சோதனை முறையில் வந்த அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. வேலையிழந்து 90 நாள்கள் கழிந்த பின், சராசரி நாள் வருமானத்தில் 25 விழுக்காடு என்று தொடங்கியது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், அது 50 விழுக்காடாக உயர்ந்தது. காத்திருப்பு 30 நாள்களாகக் குறைந்தது. நிறுவனத்தின் வழியாக அன்றித் தொழிலாளியே நேரடியாகக் கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. இந்தத் தளர்வுகள் பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டன. வாழ்நாளில் மொத்தம் 90 நாள்களுக்கே இந்த உதவி. ஒழுங்கீனத்துக்காகத் தண்டிக்கப்பட்டு வேலை இழந்தவருக்கும், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது.

ரூபாய்க் கணக்கில் பார்ப்போம். நாளொன்றுக்கு 400 ரூபாய் சம்பளம் பெறும் ஒரு சைடிங் தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். 2019 ஜூலை முதலான விகிதப்படி அவர் சம்பளத்தில் 0.75 விழுக்காடு, அதாவது 3 ரூபாய், ஒவ்வொரு நாளும் பிடிக்கப்படுகிறது. நிறுவனம் 3.25 விழுக்காடு, அதாவது 13 ரூபாய், சேர்த்துக் கட்டுகிறது. அவர் வேலை போகிறது. இரண்டாவது திட்டத்தின்படி நாளுக்கு 200 ரூபாய் வீதம் 90 நாள்களுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும். முதல் திட்டத்தின்படி கணக்கிட்டால் முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 73,000, இரண்டாம் ஆண்டுக்கு 36,500, ஆக 1,09,500 ரூபாய் வரை வரும். அதே தொழிலாளி, அதே சேவைக்காலம், அதே 3 ரூபாய்ப் பிடித்தம். அவர் 'ஆட்குறைப்பு செய்யப்பட்டார்' என்று ஏட்டில் இருந்தால் பெரிய தொகைக்கு வழி உண்டு. 'விட்டுச் சென்றார்' என்று இருந்தால் அந்தக் கதவு அடைபடுகிறது. சிறிய தொகைக்கும் 'இவர் தானாக விலகியவர்தானே' என்ற கேள்வி எழும். எண் 10-க்கும் எண் 2-க்கும் இடையே உள்ள விலை இது.

நாம் சென்ற கூட்டங்களில் கல்லூரி மாணவர்களே இந்த முதல் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். அவர்களில் பலர் மில் தொழிலாளியின் பிள்ளைகள்.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

காத்திருப்புக் காலம் என்பது எல்லாக் காப்பீட்டிலும் உண்டு. சிறு இடைவெளிகளுக்கெல்லாம் பணம் கோரக்கூடாது என்பதற்காக வைக்கப்படும் வரம்பு அது. இ.எஸ்.ஐ.யிலேயே நோய்க்கால உதவித்தொகைக்கு முதல் 2 நாள்கள் காத்திருப்பு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1952-ஆம் ஆண்டைய 102-ஆம் உடன்படிக்கை, வேலையிழப்பு உதவிக்கு 7 நாள்களுக்கு மேல் காத்திருக்க வைக்கக் கூடாது என்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. நமக்கு 30 நாள். தளர்வு முடிந்தால் மூல விதியான 90 நாள்.

முப்பது நாள் என்பதை மாதச் சம்பளக்காரரும் நாட்சம்பளக்காரரும் ஒரே மாதிரி கடப்பதில்லை. சுய உதவிக் குழுக் கடனுக்கும் நுண்கடன் நிறுவனத்துக்கும் தவணை வாரந்தோறும் வருகிறது. நிலமோ நகையோ இல்லாத வீட்டில் முதல் வாரத்திலேயே வட்டிக்கு வாங்கத் தொடங்குவார்கள். உதவித்தொகை வருவதற்குள் அதில் ஒரு பகுதி வட்டியாகக் கைமாறியிருக்கும். வேலை தேடிக் கிடைத்ததைச் செய்யவும் தொடங்கியிருப்பார்கள். வேறு நிறுவனத்தில் அதே காப்பீட்டு எண்ணில் ஒரு மாதம் பதிவானால் வேலையின்மை முடிந்தது என்று பொருள்.

ஆனால் 30 நாள் என்பது வெளியே தெரியும் காத்திருப்பு. கணக்கில் வராத காத்திருப்பு ஒன்று அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆண்டு இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. வேலையிழப்புக்கு உடனடியாக முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களும், அந்த இரண்டு ஆண்டுகளின் மற்ற மூன்று காலங்களுள் ஏதேனும் ஒன்றில் 78 நாள்களும் பங்களிப்பு பதிவாகியிருக்க வேண்டும் என்பது 2020-க்குப் பின் வந்த நிபந்தனை. 26 வாரங்களில் 78 நாள் என்றால் வாரத்துக்கு 3 நாள். முழு வேலை நடக்கும் ஆலையில் இது எளிது. ஆனால் எந்த ஆலையும் நல்ல நாளில் ஆளைக் குறைப்பதில்லை. முதலில் ஷிப்டைக் குறைப்பார்கள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் வரச் சொல்வார்கள், பிறகுதான் வேண்டாம் என்பார்கள். ஜூன் மாதம் வேலையிழந்தவருக்கு முந்தைய பங்களிப்புக் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை; நெருக்கடியால் ஷிப்ட் குறைந்ததும் அந்த மாதங்களாகவே இருந்தால், வேலை போவதற்கு முன்பே தகுதி போயிருக்கும்.

இங்கே சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. அதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 'சம்பளம்' என்ற வரையறை, லே-ஆஃப் காலத்துக்குத் தரப்படும் தொகையையும் உள்ளடக்கியது. தொழில் தகராறுகள் சட்டத்தின்படி லே-ஆஃப் செய்யப்பட்ட நிரந்தரத் தொழிலாளிக்கு, ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில், அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடாகத் தரப்பட வேண்டியிருந்தது. ஆகவே ஆலை முறைப்படி லே-ஆஃப் அறிவித்து அந்தத் தொகையைத் தந்தால், அந்த நாள்களும் 78-இல் சேர வேண்டும். 'சொல்லி அனுப்புகிறோம்' என்று வாய்மொழியாக அனுப்பினால் இழப்பீடும் இல்லை, நாள் கணக்கும் இல்லை. வேலை குறையத் தொடங்கும் மாதத்திலேயே 'இது லே-ஆஃப்' என்று எழுத்தில் கேட்பது ஒரு சங்கம் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை.

இதைவிட நீண்ட காத்திருப்பு பயிற்சியாளர் என்ற பெயரில் இருப்பது. 2011-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் தமிழ்நாட்டு நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் பற்றி வெளியிட்ட அறிக்கை, விடுதியில் தங்கி வேலை செய்த இளம்பெண்களில் பெரும்பகுதியினர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்றது. மூன்று ஆண்டு 'பயிற்சி', இறுதியில் மொத்தமாக ஒரு தொகை என்பது அந்த ஏற்பாடு. பெயர் மாறியிருக்கிறது, பயிற்சியாளர் என்று சேர்ப்பது மறையவில்லை. 1961-ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் முறையாகச் சேர்க்கப்பட்டவர் இ.எஸ்.ஐ.க்குள் வரமாட்டார். ஆனால் ஆலை தானே 'பயிற்சியாளர்' என்று பெயர் சூட்டி இயந்திரத்தின் முன் நிறுத்தியவர் வருவார். பயிற்சிக் காலத்தை நீட்டித்துக்கொண்டே போனால் அவரும் தொழிலாளியே என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. இந்தத் திருத்தத்தை மாணவர்கள் படித்து வைத்துக்கொள்வது நல்லது. நம் வீட்டுப் பெண்களைப் பற்றியது.

காப்பீட்டுக்குள்ளேயே வராதவர்களையும் சொல்லியாக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான கொட்டகைக்கு இ.எஸ்.ஐ. பொருந்தாது. ஒரே சுவருக்குள் ஓடும் தறிகள் ஏட்டில் இரண்டு மூன்று பெயர்களில் பிரிந்து கிடந்தால், உண்மையில் அது ஒரே தொழிலகமா என்று ஆய்வு செய்யும்படி கழகத்திடம் மனு கொடுக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் உட்கார்ந்து கைத்தறிச் சேலை நெய்பவருக்கோ 'வேலையிழப்பு' என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. நூல் வரவில்லை என்பதோடு முடிந்தது.

'தானாகப் போய்விட்டார்'

கோரிக்கை எங்கே தகராறாகிறது என்று பார்த்தால் மூன்று இடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் முதன்மையானது வேலை எப்படி முடிந்தது என்ற கேள்வி.

வேலைக்குச் சேரும்போதே வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கிக்கொள்வதும், பின்னர் அது விலகல் கடிதமாக மாறுவதும் தொழிலாளர் மத்தியில் நெடுநாளாகச் சொல்லப்படும் குறை. அந்தத் தாள்கூடத் தேவைப்படாத வழி ஒன்றுண்டு. சில நாள்கள் வரவில்லை, ஆகவே வேலையைக் கைவிட்டார் என்று பெயரை நீக்கிவிடுவது. இந்த வழிக்கு நீதிமன்ற வரலாறு உண்டு. அதில் ஒரு முக்கியமான வழக்கு நம் சென்னையிலிருந்தே சென்றது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் தொழிலாளி ஒருவர் விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை, இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்று காட்டினார். தொடர்ந்து எட்டு வேலை நாள்கள் வராதவர் வேலையை விட்டவராகக் கருதப்படுவார் என்ற நிலையாணையை ஆலை காட்டியது. நோயுற்றிருக்கும் காலத்தில் தண்டிக்கக் கூடாது என்னும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு தொழிலாளியைக் காக்கும் என்று அவர் தரப்பு வாதிட்டது. 1963-இல் உச்ச நீதிமன்றம் ஆலையின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலையாணைப்படி தானே முடிந்துபோன வேலையை 'தண்டனை' என்று சொல்ல முடியாது என்பது அதன் கருத்து.

அந்தத் தீர்ப்பை மட்டும் படித்தவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள். அதற்குப் பின் வந்தவற்றையும் படிக்க வேண்டும். 1976-இல் சுந்தர மணி வழக்கில், எந்தக் காரணத்தாலேனும் வேலை முடிக்கப்பட்டால் அது ஆட்குறைப்பே என்ற நிலையை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எடுத்தார், குறித்த நாளில் தானாக முடியும் நியமனமும் அதில் அடங்கும் என்றார். 1977-இல் டெல்லி கிளாத் மில்ஸ் வழக்கிலும், 1982-இல் ராபர்ட் டிசௌசா வழக்கிலும், வரவில்லை என்று பெயரை ஏட்டிலிருந்து நீக்குவதும் ஆட்குறைப்பே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில், நிலையாணை இருந்தாலும் விசாரணையின்றி ஒருவர் வேலையை முடிப்பது இயற்கை நீதிக்கு எதிரானது, வாழ்வுரிமையைத் தொடுவது என்று தீர்ப்பு வந்தது. ஆகவே டைம் ஆபீசில் 2 என்று இடப்படும் பல பதிவுகள், சட்டத்தின் கண்ணில் 10 ஆக இருக்க வேண்டியவை.

சொல்வது எளிது. ஆட்குறைப்பு என்றால் ஆலைக்குச் செலவு உண்டு என்பதை மறக்கக் கூடாது. தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவின்படி, ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவரை நீக்க ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது ஒரு மாதச் சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டியிருந்தது. கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும்; பின்னர் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை தர வேண்டும். எண் 10-ஐ இட்டால் இவையெல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடும். எழுத்தர் ஏன் 2-ஐத் தேர்ந்தெடுக்கிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது தகராறு, யாருடைய தொழிலாளி என்பது. கழிவுப்பஞ்சு அள்ளுவதும், மூட்டை ஏற்றுவதும், கழிப்பறை கழுவுவதும், விடுதியைக் கூட்டுவதும் ஒப்பந்தக்காரரின் ஆள்கள் வேலை. அந்த ஆள்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நகராட்சித் தூய்மைப் பணியும் இவ்வாறே மாறிவருகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் நடத்திய போராட்டம் தனியார் ஒப்பந்தத்துக்கு மாற்றப்படுவதை எதிர்த்ததே. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பழையவர் 'விட்டுச் சென்றார்' என்று பதிவார். புதியவர் புதுக் காப்பீட்டு எண் எடுத்துவிடுவார். பத்தாண்டு உழைப்பு ஏட்டில் மூன்று துண்டாகி, எந்தத் துண்டிலும் இரண்டு ஆண்டு நிறையாது. காப்பீட்டு எண் வாழ்நாளுக்கு ஒன்றுதான். பழைய எண்ணைக் காட்டி அதிலேயே பதியச் சொல்ல வேண்டும். ஏற்கனவே பிரிந்திருந்தால் இணைக்கும்படி கிளை அலுவலகத்தில் மனு தர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பங்களிப்பை முதலில் கட்ட வேண்டியது முதன்மை வேலையளிப்பவரே என்றது 1948 சட்டத்தின் 40-ஆம் பிரிவு.

மூன்றாவது, பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது. 'உங்கள் கணக்கில் நாள் இல்லை' என்று சாளரத்தில் சொல்லப்பட்டால் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். திரும்பக் கூடாது. வேலையளிப்பவர் பங்களிப்பைக் கட்டத் தவறியதால் ஒருவர் உரிமையை இழந்தால், கட்டப்பட்டிருக்க வேண்டியதுதான் என்று கழகம் நிறைவுற்றால், அந்த உதவியைத் தொழிலாளிக்குத் தந்துவிட்டு வேலையளிப்பவரிடம் வசூலிக்கலாம் என்று 1948 சட்டத்தின் 68-ஆம் பிரிவு சொன்னது. அது சட்டம் பட்டியலிட்ட உரிமைகளுக்காக எழுதப்பட்டது. வேலையிழப்புத் திட்டங்களுக்கு நீட்டிப்பதைக் கழகம் மறுக்கக்கூடும். ஆனாலும் கட்டப்படாத நாள்களைக் கட்டவைக்கும் கோரிக்கைக்கு சம்பளச் சீட்டு, வருகை அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவையே ஆதாரம். மறுப்பு எழுத்தில் வந்தால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்தை நாடலாம்.

வீட்டுக்கடனோடு சேர்த்துத் தனியார் நிறுவனங்கள் விற்கும் 'வேலையிழப்புக் காப்பீடு' பற்றிப் படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். பெரும்பாலும் அவை சில மாதத் தவணையை மட்டும் கட்டும். விலகல் கடிதம் கொடுத்தவருக்கும், தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கும், ஒப்பந்த ஊழியருக்கும் பொருந்தாது. அலுவலகங்களில் 'நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்று நன்றாகத் தருகிறோம்' என்று சொல்வதும் மில்லில் வெற்றுத்தாளில் வாங்குவதும் ஒரே வேலைதான். அங்கே மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, 30 நாளில் பதிலில்லை என்றாலோ மறுப்பு வந்தாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிச் செல்லலாம்.

வேலை போன அந்த வாரம்

வேலை இல்லை என்று சொல்லப்பட்ட நாளிலிருந்து முதல் ஏழு நாள்கள் மிக முக்கியம். 'நான் வேலையை விடவில்லை; இன்ன தேதியில் வேலைக்கு வந்தேன், உள்ளே அனுமதிக்கப்படவில்லை; வேலை தரத் தயார் என்றால் வரத் தயாராக இருக்கிறேன்' என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அந்த அஞ்சல் இரசீது, பின்னாளில் 'தானாகப் போனார்' என்ற பதிவுக்கு எதிரான முதல் சான்று. கணக்கு முடித்துப் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். வறுமையில் இருப்பவரிடம் வாங்காதே என்று சொல்வது எளிய வீரம். ஆனால் கையொப்பத்துக்கு அருகில் 'மறுப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுத வேண்டும். அதே வாரத்தில் கழகத்தின் தளத்தில் காப்பீட்டு எண்ணைக் கொண்டு பங்களிப்பு வரலாற்றைப் பார்த்து அச்செடுக்க வேண்டும். காரணம் தவறாக இடப்பட்டிருக்கிறது என்று கருதினால் கிளை அலுவலகத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, முத்திரையிட்ட நகலைப் பெற வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த 30 நாளும் காத்திருப்பு 30 நாளும் ஒன்றாகவே ஓடட்டும்.

வேலைநீக்கத்தை எதிர்க்கும் வழக்கு வேறு தடத்தில் செல்லும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு தந்து 45 நாள்களில் தீர்வு வரவில்லை என்றால் நேரே வழக்குத் தொடுக்கலாம். வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி: விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி தருகிறது. ராஜபாளையம் ஆலையில் வேலையிழந்த ஒரு தலித் பெண் இந்த மூன்று வகையிலும் தகுதியுடையவர். பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் இந்த உரிமையைக் கேட்டுப் பெறும் மனு ஒற்றைத்தாள் மனுதான்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதையும் கவனிக்க வேண்டும். அதற்கு முன் நடந்த நீக்கங்களில் பழைய சட்டத்தின் உரிமைகளை முன்வைத்தே வாதாட வேண்டியிருக்கும். புதியவற்றுக்குப் புதிய தொகுப்பு. ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300-ஆக உயர்ந்துவிட்டது. வேலைநீக்கத் தகராறை எழுப்பும் காலவரம்பு 3 ஆண்டுகளிலிருந்து 2 ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது. புதிதாக ஒன்று வந்திருக்கிறது: ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொருவருக்கும் கடைசிச் சம்பளத்தில் 15 நாள் தொகையை மறுதிறன் நிதிக்கு நிறுவனம் செலுத்த வேண்டும், அது 45 நாளில் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். நாளுக்கு 400 ரூபாய் பெற்றவருக்கு 6,000 ரூபாய். இதற்கும் 'ஆட்குறைப்பு' என்ற அதே சொல் வேண்டும். மறுபுறம், குறித்த கால வேலை ஒப்பந்தம் முடிந்து அனுப்பப்படுவது ஆட்குறைப்பு ஆகாது என்று புதிய தொகுப்பு வரையறையிலேயே எழுதிவிட்டது. 1976-இல் கிருஷ்ணய்யர் திறந்த வழியை 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் குறுக்கியது. இப்போது அது இன்னும் குறுகியிருக்கிறது. ஆகவே இனி ஆலை வாசலில் நீட்டப்படும் நியமனக் கடிதத்தில் 'குறித்த காலம்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்பதைக் கையொப்பம் இடும் முன்பே பார்த்தாக வேண்டும். தமிழ் அறியாத மொழியில் கடிதம் இருந்தால், கைப்பேசியில் படம் எடுத்து, படித்த ஒருவரிடம் அன்றே காட்டுங்கள். அந்த ஒருவர் இதைப் படிக்கும் மாணவராகவே இருக்கலாம்.